கடலுக்குப் புள்ளி இல்லை

அனலைதீவை வெளியுலகத்துக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெய்ஜிங்குக்குத் தெரியும். புதுடில்லிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின் திட்டம் அமைக்கும் வேலையை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசில், ஒரு சீனக் கூட்டுக் கம்பனிக்குக் கொடுக்க அமைச்சரவை தலையாட்டியது. தமிழ்நாட்டுக் கரைக்கு ஐம்பது கிலோமீற்றர் மட்டில் சீனக் கம்பனி வந்து சோலர் பூட்டுவதா என்று டில்லிக்கு நித்திரை போனது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிற்கிறது என்று கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. கம்பனி கோபித்துக்கொண்டு மாலைதீவின் பன்னிரண்டு தீவுகளுக்குப் போய்விட்டது. 2022 மார்ச்சில் அதே வேலைக்கு இந்தியா உடன்படிக்கை போட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர்க் கம்பனி ஒன்று ஒப்பமிட்டது. இந்திய நன்கொடை 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர்.

இரண்டு வல்லரசுகள் இழுபறிப்பட்ட அந்த மண்ணில் ஒரு பிள்ளை உயர்தரப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கம்பஸை முதலாவதாகப் போடுவது என்று யோசிக்கிறாள். அவளைப் பற்றிப் பெய்ஜிங்குக்கும் கவலையில்லை, டில்லிக்கும் கவலையில்லை. போகட்டும், அவர்கள் வேற்று நாட்டார். கொழும்பு 7, வார்ட் பிளேஸில் இருக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அவள் ஒரு தீவில் இருக்கிறாள் என்பதே தெரியாது. அவர்களுடைய கணக்கில் அவள் யாழ்ப்பாண மாவட்டம். அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றில் 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 இடம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி பங்கு. மிச்சம் 5 இடம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட மாவட்டங்களுக்கு. ஆக, பின்தங்குகிற உரிமை இந்த நாட்டில் மாவட்டத்துக்கு மட்டுமே உண்டு. தீவுக்குக் கிடையாது, கிராமத்துக்குக் கிடையாது, பிள்ளைக்குக் கிடையவே கிடையாது. நகரத்து வேம்படிப் பள்ளிக்கூட மதிலுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன வெட்டுப்புள்ளியோ, அனலைதீவுப் பிள்ளைக்கும் அதே வெட்டுப்புள்ளி, தசமத்துக்குப் பிறகு நான்கு இலக்கம் வரைக்கும் பிசகாமல். பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் கதவு திறக்காது. புள்ளியை இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்தவர்களுக்கு, நடுவில் கிடக்கிற கடல் மட்டும் கண்ணில் படவில்லை.

கண்ணில் படவில்லை என்பதும் பொய். இதே அரசாங்கத்தின் வேறொரு கோப்பில் தீவுப் பாடசாலைகள் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம். யாருக்குக் கஷ்டம்? அங்கே போய்க் கற்பிக்கிற ஆசிரியருக்கு. அவருக்குப் படி உண்டு, குறித்த காலம் இருந்துவிட்டால் இடமாற்றம் கேட்கிற உரிமை உண்டு. நான் அவரை நோகவில்லை. காலை லோஞ்சில் வந்து, திரும்புகிற லோஞ்சைப் பிடிக்க மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறவரும் குடும்பக்காரர்தான். ஆனால் சில வருஷம் வந்து போகிறவருக்குக் கஷ்டமான இடம், பதின்மூன்று வருஷம் அங்கேயே கிடந்து படிக்கிற பிள்ளைக்கு எப்படி ஐயா வெறும் யாழ்ப்பாணமாகிறது? கல்வி அமைச்சின் கோப்பில் கடல் இருக்கிறது. ஆணைக்குழுவின் கோப்பில் அது வற்றிவிட்டது. இராமருக்கு அணை கட்ட ஒரு வானரசேனை தேவைப்பட்டது. இவர்கள் ஒரு பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலோடு காரியத்தை முடித்துவிட்டார்கள்.

கடல் வற்றவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் ஊர்காவற்றுறைத் துறைக்கு வாருங்கள். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் என்று விழா எடுத்து, மாலை போட்டு 'எழுதாரகை' என்றொரு படகை இறக்கினார்கள். அது ஓடிய நாளைவிடப் பழுதாகிக் கட்டிக் கிடந்த நாள் அதிகம். ஆடி மாதச் சோளகம் எழும்பினால் மற்ற லோஞ்சும் ஓடாது. லோஞ்ச் ஓடாத நாளில் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இல்லாத நாளில் பாடம் இல்லை. அந்தப் பாடத்திலிருந்து கேள்வி மட்டும் தவறாமல் வரும். கொழும்பில் தாள் தயாரிக்கிறவருக்குச் சோளகம் அடிப்பதில்லை.

பெறுபேறு வந்த பிறகுதான் பிள்ளைகள் கம்பஸைத் தெரிவு செய்கிறார்கள் என்றொரு மூடநம்பிக்கை நாட்டில் இருக்கிறது. தீவில் அது பதினாறு வயதிலேயே முடிந்துவிட்ட காரியம். நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள். உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு நடத்துகிற 1ஏபி தரத்துப் பாடசாலைகள் அதிலே ஏறத்தாழ ஆயிரம். சாதாரணதரத்தில் ஒன்பது ஏ எடுத்த தீவுப்பிள்ளை, உயிரியலா கணிதமா என்று யோசிக்கிறதுக்கு முதல் யார் வீட்டில் தங்குவது என்று யோசிக்க வேண்டும். நல்லூரில் பெரியம்மா வீடா, கொக்குவிலில் வாடகை அறையா? பெண் பிள்ளையைத் தனியே விடலாமா? தாயும் கூடப் போனால் புகையிலைக் கன்றுக்கு ஆர் தண்ணி இறைக்கிறது? தகப்பன் கடலால் வந்தால் ஆர் சோறு போடுகிறது? திருநெல்வேலி ரியூசனுக்குக் கட்டுகிற காசை எந்த நகையை அடகு வைத்து எடுப்பது? இத்தனைக்கும் விடை கிடைத்தால் பிள்ளை பயோ. கிடைக்காவிட்டால் பிள்ளை கலைப்பிரிவு. பிறகு அமைச்சரின் மேடைப்பேச்சில், எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் ஆர்வம் காட்டுகிறார்களில்லை என்று ஒரு பெருமூச்சு வரும்.

ஆர்வம் காட்டிய பிள்ளைகள் துறை தாண்டிப் போய்விட்டார்கள் ஐயா. ஒன்று போனால் அதன் பின்னால் தம்பி, தங்கை, தாய் என்று வீடே போகும். பாடசாலையில் பிள்ளைத்தொகை குறையும். பிள்ளைத்தொகைக்குத்தான் ஆசிரியர் கணக்கு என்பதால் ஆசிரியர் தொகையும் குறையும். ஆசிரியர் இல்லை என்பதால் மிச்சப் பிள்ளைகளும் போகும். போக வழியில்லாதவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களுடைய பெறுபேற்றை எடுத்து வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் கடற்காற்று வராத ஒரு மண்டபத்தில், தீவகக் கல்வி ஏன் வீழ்ச்சியடைகிறது என்று கருத்தரங்கு நடக்கும். சிற்றுண்டி நன்றாக இருக்கும்.

இந்த இடத்தில் கொழும்பை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர்களுக்கு இதமாக இருக்கும். அந்த இதத்தை நான் கொடுக்கப்போவதில்லை. தரப்படுத்தல் என்றால் எங்களுக்கு இரத்தம் கொதிக்கும். கொதிக்க வேண்டியதுதான். 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலப் பிள்ளைக்கு 400க்கு 250 புள்ளி, சிங்களமொழி மூலப் பிள்ளைக்கு 229 போதும் என்று வைத்தார்கள். அப்பட்டமான அநியாயம். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. விஞ்ஞானம் சார்ந்த துறைகளுக்கு 1969இல் நூற்றுக்கு 27.5 பேரை அனுப்பிய வட மாகாணம், 1974இல் 7க்கு இறங்கியது. அதற்குப் பிறகு நடந்தது ஊருலகம் அறிந்த சரித்திரம்.

ஆனால் அந்த 27.5க்குள் அனலைதீவு எத்தனை, எழுவைதீவு எத்தனை என்று எண்ணிப் பார்த்த யாழ்ப்பாணத்துக் கல்விமானை நான் கண்டதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை என்ற எண்ணம், கோட்டாவுக்குள் கிடந்த ஒரேயொரு நியாயம். அதை மாவட்ட எல்லையோடு நிறுத்திவைத்தது கொழும்பின் சோம்பேறித்தனம் என்றால், மாவட்டத்துக்குள்ளே அதைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்தது எங்கள் சாமர்த்தியம். எங்களுக்கு மேலே இருப்பவன் அளக்கும்போது அநீதி. எங்களுக்குக் கீழே இருப்பவனை அளக்கும்போது திறமை. தீவிலிருந்து ஆறாம் வகுப்பில் நகரப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருகிற பெடியன் வகுப்பிலே 'தீவான்'. விண்ணப்பப் படிவத்திலே மட்டும் அசல் யாழ்ப்பாணத்தான். பழிக்கிறபோது பிரித்துக்கொள்வோம், பங்கு பிரிக்கிறபோது சேர்த்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் கிளிநொச்சி தனி மாவட்டம், அதற்கு வேறு வெட்டுப்புள்ளி. 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்தது. போர் தின்ற மண், அந்தப் பிள்ளைகளிடமிருந்து ஓர் இடத்தையும் பறிக்கச் சொல்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெடவில்லை. கேட்பது இதைத்தான்: ஏ9 வீதியும் ரயிலும் ஓடுகிற ஊருக்குத் தனிக் கணக்கு வைக்க முடிந்த நாட்டில், வீதியே போகாத ஊருக்கு ஏன் முடியாது? முடியாது என்பதற்கு ஆணைக்குழுவிடம் எப்போதும் ஒரே பதில்தான். விஞ்ஞான முறைப்படி கணித்தது, கை வைக்க இயலாது.

இயலும். 2011ஆம் ஆண்டு உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி இசட் புள்ளி போட்டார்கள். வழக்குப் போனது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தப் புள்ளிகளைச் செல்லாது என்று சொல்லி, திரும்பக் கணிக்க வைத்தது. கை வைக்கவே இயலாத விஞ்ஞானம் சில வாரத்தில் மாறியது. அதற்குக் கொழும்பில் ஒரு சட்டத்தரணியும், நீதிமன்றப் படியேற நேரமுள்ள பெற்றோரும் வேண்டும். அனலைதீவுத் தகப்பன் உச்ச நீதிமன்றம் போக வேண்டுமென்றால் முதலில் லோஞ்ச் ஓட வேண்டும்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு உயர்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் 2022, தொடங்கியது 2023 ஜனவரியில், பெறுபேறு வந்தது அந்த ஆண்டு செப்ரெம்பரில். பல்கலைக்கழகத் தகுதி பெற்றோர் 166,938 பேர். இடம் கிடைப்பது நாற்பத்தையாயிரம் மட்டில். தகுதி பெற்றீர்கள், வீட்டில் இருங்கள் என்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இந்த நாட்டில் ஒரு முழு ஆணைக்குழு. ஆணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள், கைந்நூலில் நூறுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள். பிள்ளை விரும்பிய ஒழுங்கில் தெரிவுகளை அடுக்கலாம். மேசை நிறைய விருந்து, இலை மட்டும் இல்லை.

அடுக்குவது எங்கே? ஊர்காவற்றுறையில் ஒரு கொம்யூனிகேசனில். அனலைதீவில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் பிள்ளையும் தாயும் காலை லோஞ்சில் வந்துவிட்டார்கள். பிள்ளைக்குத் தமிழ், புவியியல், இந்து நாகரிகம். புவியியலில் ஏ. தீவு என்றால் நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலம் என்று சின்ன வகுப்பிலேயே எழுதிப் புள்ளி வாங்கியவள். திரையில் மாவட்டம் என்ற பெட்டிக்குள் யாழ்ப்பாணம் என்று வருகிறது. கடைப் பெடியன் கேட்கிறான்:

"அன்ரி, முதலாவது என்ன போட?"

"கிட்டவா இருக்கிறதைப் போடு தம்பி."

"யாழ்ப்பாணம் கலைப்பீடம் போடுறன். சட்டமும் போட்டுப் பாப்பமே?"

"அதுக்குப் புள்ளி காணுமோ?"

"காணாது அன்ரி. ஆனா போடலாம், காசு இல்லை."

பிள்ளை மெல்ல வாய் திறக்கிறாள். "அம்மா, பேராதனையை மேல போடுவமே?"

"அங்க சரியான குளிராம் பிள்ளை."

குளிர் வெறும் சாட்டு. கண்டிக்கு பஸ் காசு, விடுதி கிடைக்கும்வரை அறை வாடகை, மூன்று நேரச் சாப்பாடு, ராகிங் என்று பேப்பரில் வாசித்த பயம், எல்லாவற்றையும் கடைக்காரப் பெடியனுக்கு முன்னால் சொல்ல முடியாத தாய் சொல்லுகிற ஒரு சொல். மகாபொல இருக்கிறதே என்பீர்கள். மாதம் 5,000 ஆக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள், புண்ணியவான்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பேராதனையில் சீவித்துக் காட்டுகிற பாராளுமன்ற உறுப்பினருக்கு நான் கைநாட்டு வைத்து வாக்களிக்கிறேன்.

தாய் சொன்ன 'கிட்ட' எவ்வளவு கிட்ட என்றும் பார்த்துவிடுவோம். லோஞ்சில் ஊர்காவற்றுறை. பிறகு பஸ்ஸில் நாரந்தனை, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி என்று ஊரூராக நின்று பண்ணைப் பாலம். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் திருநெல்வேலிக் கம்பஸ். காலை விரிவுரைக்கு வீட்டிலிருந்து போய்ச்சேர முடியாது. கடைசி லோஞ்சுக்கு முதல் திரும்பவும் முடியாது. சொந்த மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்க வாடகைக்கு அறை எடுக்கிற சலுகை தீவுப்பிள்ளைக்கு மட்டும்தான் உண்டு.

வந்தாறுமூலைக் கம்பஸ் இரண்டாவது, ஒலுவில் கம்பஸ் மூன்றாவது, பேராதனை கடைசியில். இன்னும் அரை மணித்தியாலத்தில் லோஞ்ச். இந்த நேரம் பார்த்து ஸ்காபுரோவிலிருந்து மாமா வட்ஸ்அப்பில் வருகிறார். "மெடிசினைப் போடச் சொல்லு தங்கச்சி, போட்டால்தானே வரும்!" கலைப்பிரிவு என்று மூன்று வருஷமாகச் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. நல்ல மனுசன், கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பார். அவர்களைப் போன்றவர்கள் கொடுத்துக் கொடுத்து ஊரில் வளைவு எழும்பும், மண்டபம் எழும்பும், கோபுரத்துக்கு மூன்றாம் தரம் வர்ணம் பூசுவார்கள். உயர்தரத்துக்கு ஒரு இரசாயனவியல் ஆசிரியரைத் தீவில் குடும்பத்தோடு இருத்தி வைக்க ஒரு நல்ல வீடு கட்டலாம் என்று எந்த வருஷாந்தக் கூட்டத்திலாவது தீர்மானம் வந்தால் சொல்லுங்கள், நான் பிளேன் ரிக்கற் எடுத்து வந்து கைதட்டுகிறேன். ஆசிரியர் விடுதியில் கொடையாளரின் பெயரைப் பெரிதாகப் பொறிக்க இடம் போதாது போலிருக்கிறது. இடையில் யாராவது ஒருவருக்கு மெடிசின் கிடைத்தால் பதாகை கட்டுவார்கள்: எங்கள் மண்ணின் மைந்தன். மைந்தன் ஆறு வயதில் மண்ணை விட்டுப் போனவன்.

சரி, கலைப்பட்டம் எடுத்துவிட்டாள் என்று வையுங்கள். 2017இல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் கொட்டகை போட்டுக் குந்தியிருந்தார்கள். தெருவால் போன சனம் ஏதோ கண்காட்சி என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனது. 2020இல் அரசாங்கம் நாடு முழுக்கப் பட்டதாரிகளைப் பயிலுநர் என்று மாதம் 20,000 ரூபாவுக்கு எடுத்தது. எடுத்தவர்களை எங்கே இருத்துவது என்று அலுவலகங்களுக்குத் தெரியவில்லை. கதிரை கிடைத்தவன் உட்கார்ந்தான், கிடைக்காதவன் மரநிழலில் நின்றான். பரீட்சை எழுதி, நேர்முகம் போய், இவளும் ஒருநாள் ஆசிரியையாகலாம். நியமனம் தீவுக்கு வந்தால் சொந்த ஊரில் கற்பிப்பதற்குக் கஷ்டப் பிரதேசப் படி கிடைக்கும். பதின்மூன்று வருஷம் படித்தபோது கஷ்டமில்லாத ஊர், சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய மறுநாள் கஷ்டமாகிவிடும்.

ஆகவே ஆணைக்குழுவின் கனம் தங்கிய உறுப்பினர்களுக்கு ஓர் அழைப்பு. அடுத்த கைந்நூலைத் தீர்மானிக்கிற கூட்டத்தை ஆடி மாதத்தில் அனலைதீவில் வையுங்கள். கடற்படைப் படகு வேண்டாம். ஊர்காவற்றுறைத் துறையில் வரிசையில் நின்று, மா மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் இடையில் இருந்து வாருங்கள். காலை லோஞ்சைத் தவறவிட்ட உறுப்பினர் சமுகமளிக்காதவராகக் கருதப்படுவார். சோளகத்தில் சத்தி எடுத்தவர்களுக்கு மேலதிக நேரம் வழங்கப்படமாட்டாது. கூட்டம் முடிய முதல் கடைசி லோஞ்ச் போய்விட்டால் தங்குமிடம் உறுப்பினரின் சொந்தப் பொறுப்பு. கடல், காற்று, படகுப் பழுது ஆகியவற்றைக் காரணங்காட்டி அனுப்பப்படும் மேன்முறையீடுகள் எக்காரணங்கொண்டும் ஏற்கப்படமாட்டா. கூட்டம் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் நடப்பதால் யாழ்ப்பாண நகரத்திலிருந்து வருவோருக்குப் போக்குவரத்துப் படி கிடையாது.